வெண்டல் கடையில் டிப்ஸ் ஒழிந்த ஏழு வாரம்

"இந்த அஞ்சு டாலரை நான் யாருக்குக் கொடுக்கணும், கொடுக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு, வெண்டல்?"

ஹாலிஸ் கவுண்டரை விட்டு எழுந்து நின்று கேட்டார். ஐந்து டாலர் நோட்டு அவர் கையில் கொடி மாதிரி ஆடியது. அமெரிக்காவின் ஈரி நகரத்தில் காலை ஏழரை மணி. கடைக்குள் இருந்த பதினெட்டுப் பேரும் முட்டை தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேனே, ஹாலிஸ்," என்றான் கடை முதலாளி வெண்டல். "இன்னையிலேர்ந்து இங்க டிப்ஸ் கிடையாது. பரிமாறுறவங்களுக்கு நானே மணிக்கு இருபது டாலர் சம்பளம் தர்றேன்."

"அதுக்காக ஆம்லெட்டு பதினொண்ணுலேர்ந்து பதினாலா?"

"முன்னாடி பதினொண்ணு கொடுத்துட்டு மூணு டாலர் டிப்ஸ் வெப்பீங்க. இப்ப சேர்த்துப் பதினாலு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா என் சுதந்திரம் எங்க போச்சு?"

ஹாலிஸ் நோட்டை நாலாக மடித்து, உரிமை பறிபோன சோகத்தோடு சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார். ரயில் எஞ்சின் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையசைத்தால் கவுண்டரில் இன்னும் ஆறு தலைகள் அசையும்.

வெண்டல் இதை விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. பிப்ரவரியில் எட்டு நாள் விடாமல் பனி கொட்டியது. கடையில் ஈயாடியது. கவுண்டரில் பரிமாறும் ஓப்பல், வீங்கிய முழங்காலோடு எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பதினோரு டாலர் டிப்ஸோடு வீட்டுக்குப் போனாள். வெண்டல் கொடுத்த கூலி மணிக்கு மூன்று டாலர்கூட வராது. மீதியை டிப்ஸில் தேற்றிக்கொள்ள வேண்டும்; எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். அவள் பனியில் நொண்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதைப் பார்த்த பிறகு வெண்டலுக்குத் தன் கடை சூப்பே தொண்டையில் இறங்கவில்லை.

சம்பள விஷயத்தைச் சொன்னபோது ஓப்பல், "நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி ஊற்றப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஜன்னலோர மேஜைகளைப் பார்த்துக்கொள்ளும் லோர்னாதான் கத்தினாள். "என்னைக் கேட்டியா? ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் ரெண்டு மணி நேரத்துல முன்னூறு டாலர் தேத்துறவ நான். நீ குடுக்கிற இருபது யாருக்கு வேணும்?"

"பனி பெய்ஞ்சா என்ன பண்ணுவே?"

"பனி பெய்ஞ்சா இன்னும் அழகாச் சிரிப்பேன்!"

விலையைப் பார்த்து ஜனங்கள் முகம் சுளிப்பதை முதல் வாரத்திலேயே வெண்டல் கவனித்தான். சரி, விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று, மெனுவின் முதல் பக்கத்தில் நீளமாக ஒரு கடிதம் அச்சடித்தான். ஹாலிஸ் அதை உரக்கப் படித்து, வரிக்கு வரி பொழிப்புரை சொன்னார். ஜனங்கள் சாப்பாடு ஆர்டர் பண்ணுவதை விட்டுவிட்டு விவாதம் பண்ணினார்கள். பான்கேக் ஆறிப்போனது.

கடிதத்தை எடுத்துவிட்டு, விலையைப் பழையபடி குறைத்து, பில்லின் அடியில் 'சேவைக் கட்டணம் பதினெட்டு சதவீதம்' என்று சேர்த்தான்.

"இது வரி!" என்றார் ஹாலிஸ். "ஓட்டுப் போடாமலே வரி போடுறான் பாருங்க!"

சர்ச்சிலிருந்து பன்னிரண்டு பேராக வரும் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

அடுத்ததாக, கட்டணத்தை எடுத்துவிட்டு விலையை மறுபடி ஏற்றி, கொடுத்தே தீருவேன் என்கிறவர்களுக்காகக் கல்லாப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தான். அதில் விழுவது ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும்.

லோர்னா ஜாடியைப் பார்த்தாள். நிரம்பியிருந்தது.

"நான் இளிச்சு இளிச்சு வாய் வலிக்குது. தீயணைக்கிறவனுங்க புதுசா குழாய் வாங்குறாங்களா?" ஏப்ரனைக் கழற்றிக் கல்லா மேல் வீசிவிட்டு, நேராக ரோட்டைக் கடந்து எதிர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னலோர வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவள் பின்னாலேயே போனார்கள். அங்கிருந்து இங்கே கையசைக்க வேறு செய்தார்கள்.

லோர்னாவின் மேஜைகளையும் சேர்த்து இப்போது ஓப்பல்தான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காபிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வெண்டல், இந்த ஹாலிஸ் விஷயத்துல ஒண்ணு சொல்லணும்…"

"அந்த ஆளு பேரை மட்டும் எடுக்காதே, ஓப்பல். தலை வெடிக்குது."

அவள் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏழாவது வாரம் ஹாலிஸ், டிப்ஸைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் மனு ஒன்றில் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஆறு தலைகளும் வந்தன.

"வெண்டல், உன்மேல எங்களுக்குக் கோபம் இல்லை," என்று மெதுவாகச் சொன்னார். "கால் கடுக்க நின்னு பரிமாறுற பொம்பளைக்கு என் கையால நன்றி சொல்லணும். நடுவுல நீ எதுக்கு? அந்தச் சந்தோஷத்தை எங்ககிட்டயிருந்து பிடுங்காதேப்பா."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. வெண்டலுக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் மனசை நோகடித்துவிட்டோமே என்று தோன்றியது. அன்றே கதவிலிருந்த அறிவிப்பைக் கிழித்தான். ஆம்லெட் பதினொன்றுக்கு இறங்கியது. ஜாடி உள்ளே போனது. சம்பளம் பழைய இடத்துக்கே போனது.

ஓப்பலிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. "மன்னிச்சுக்கோ. ஆனா அவங்க அன்பையும் பார்க்கணுமில்ல?" என்றான். ஓப்பல் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

மறுநாள் காலை ஹாலிஸ் கதவைத் திறந்ததும் கவுண்டரில் கைதட்டல். ஆம்லெட், வறுத்த உருளைக்கிழங்கு, மூன்று கோப்பை காபி. ஒவ்வொரு கோப்பைக்கும் ஓப்பலைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொன்னார். ஒன்பதரைக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு, வெண்டலின் தோளைத் தட்டிவிட்டு, நிமிர்ந்த நடையோடு வெளியே போனார்.

ஏழு வாரம் போராடி ஜெயித்த மனிதர் அப்படி என்னதான் வைத்திருப்பார் என்று பார்க்க வெண்டலுக்கு ஆசை. போய்த் தட்டைத் தூக்கினான். கோப்பையைத் தூக்கினான். கை துடைக்கும் காகிதத்தை உதறினான். ஒன்றும் விழவில்லை. ஓப்பல் அதற்குள் எடுத்திருப்பாள் என்று நினைத்து, கவுண்டர் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டான்.

"எவ்வளவு வெச்சுட்டுப் போனாரு?"

"ஒம்பது வருஷமா ஒரு செண்ட்டுகூட வெச்சதில்லை, வெண்டல்," என்றாள் ஓப்பல். "டிப்ஸ்னு ஒண்ணு இருந்தாத்தானே அதைக் கொடுக்காம எந்திரிச்சுப் போக முடியும்?"