பை இனாமாகக் கிடைத்த டிரைபாட்

ஒரு குடும்பத்தில் எவன் கேமரா வாங்குகிறானோ, அவன் அன்றைக்கே அந்தக் குடும்பத்துப் படங்களிலிருந்து காணாமல் போய்விடுகிறான். கேமராவோடு தருகிற சின்னப் புத்தகத்தில் இந்த எச்சரிக்கையை யாரும் அச்சடிப்பதில்லை. நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணமான இரண்டாவது வருஷம் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம், அலங்காநல்லூர்ப் பக்கத்தில் இருக்கிற என் மாமனார் வீட்டில் நடந்த எல்லா விசேஷத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன். அந்த வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க என் கைவண்ணம். வளைகாப்பு, என் மகளின் காதுகுத்து, புது டிராக்டருக்கு மாலை போட்டது எல்லாம் இருக்கும். எதிலும் நான் இருக்க மாட்டேன். என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், அத்தனையிலும் இருக்கிறார். அதுவும் நடுவில் இருக்கிறார். அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது. அது ஒன்றுதான் அவருடைய தகுதி (பொறாமைதான், மறைக்கவில்லை).

ஒரு நாள் தூரத்து உறவுக்கார அம்மாள் ஒருவர் அந்தச் சுவரை நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு என் மாமியாரிடம் கேட்டார்.

"சின்ன மாப்ள வெளிநாட்டுலயா இருக்காரு?"

"இல்லையே, மருதையிலதான்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப ஒம் மகள இங்கனயே விட்டுட்டாரா?"

மாமியார் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி சிரிக்கவில்லை. கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. வார பொங்கலுக்கு எங்க வீட்டுல எல்லாரும் இருப்போம். அது முடிஞ்சதும் தம்பி துபாய் போறான். மறுபடி எப்ப ஒண்ணாச் சேருவோமோ தெரியாது. அந்தப் போட்டோவுல நீங்க இருக்கணும். எம் பக்கத்துல நிக்கணும். நான் வேற எதுவும் கேக்கல."

"நான் வந்து நின்னா யாரு எடுக்குறது?"

"ஸ்டுடியோக்காரரக் கூப்பிடுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் படம் எடுத்தவன் இருக்கும்போது ஸ்டுடியோக்காரரா? "அதெல்லாம் வேணாம். ஒரு டிரைபாட் வாங்கிட்டா முடிஞ்சது. கேமராவை மூணு கால் மேல நிறுத்திட்டு, டைமரத் தட்டிட்டு, ஓடி வந்து ஒம் பக்கத்துல நின்னுருவேன்" என்றேன்.

அடுத்த ஒரு மாதம் நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். டிரைபாட் ஆராய்ச்சிதான் செய்தேன். யூடியூபில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் டிரைபாடைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அலுமினியமா, கார்பனா? பந்து மாதிரி சுழலும் தலையா, கைப்பிடி வைத்த தலையா? எத்தனை கிலோ தாங்கும்? தலைமையாசிரியர் ஒரு தடவை மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, "மூணு கிலோ வரைக்கும் தாங்கும் சார்" என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு கற்றுக்கொண்ட பண்டிதன் கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருப்பது. விலையைக் கேட்டதும் அதைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது, தூக்கினால் தூக்கின மாதிரியே தெரியவில்லை. குடையை விடக் கனம் குறைவு.

"அண்ணே, இது எம்புட்டு வெயிட் தாங்கும்?"

"கேமராதான வைக்கப் போறீங்க, நெல்லு மூட்டையா?" என்றார் அவர். பிறகு மனசு கேட்காமல், "நடுவுல உள்ளத எடுத்துக்கங்கண்ணே. சின்னது காத்தடிச்சா ஆடும். அதையே எடுக்குறதா இருந்தா, அடியில கொக்கி இருக்கு பாருங்க, எதாச்சும் கனமாத் தொங்க விட்டுக்கங்க" என்றார்.

நல்ல மனிதர். நான்தான் அந்த நேரத்தில் சின்னதோடு தோளில் மாட்டுகிற பை ஒன்று இனாமாகத் தருவதைப் பார்த்துவிட்டேன். கறுப்புப் பை, வெள்ளை ஜிப். ஒரு மாத ஆராய்ச்சி அந்த ஜிப்பில் முடிந்தது.

பொங்கலுக்கு அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், ரோடு அளக்க வாரீங்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. இறங்கும்வரை, அவர் வீட்டுப் படிக்கட்டு புறம்போக்கில் இல்லவே இல்லை என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் படம் என்று முடிவானது. பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் முத்து. முத்து என்பது ஜல்லிக்கட்டுக் காளை. அந்த வீட்டில் முத்துவுக்கு அடுத்துதான் மருமகன்கள். மறுநாள் வாடிவாசலில் இறங்க வேண்டியது என்பதால், பாதாம் பருப்பெல்லாம் தின்று ஊரையே முறைத்துக்கொண்டு நின்றது. கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, மூக்கணாங்கயிற்றைச் செல்வியின் தம்பி பாண்டி கையில் பிடித்திருந்தான்.

"முத்து நடுவுல நிக்கட்டும் மாப்ள" என்றார் மாமனார். சகலைக்கு நடு இடம் பறிபோனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

எதிரில் முப்பது அடி தள்ளி டிரைபாடை விரித்தேன். குழந்தைகள் கை தட்டினார்கள். காற்று வந்தது. டிரைபாட் ஆடியது. கடைக்காரர் சொன்னபடி, மாமியாரிடம் ஒரு சாக்கு வாங்கி, மணலை அள்ளிப் போட்டு, கட்டி, கொக்கியில் தொங்கவிட்டேன். டிரைபாடுக்கு நல்ல தொந்தி விழுந்தது. ஒரு கால் லேசாக மடங்கிப் பார்த்து, பிறகு சமாளித்துக்கொண்டது. அடுத்தது வெயில். கேமரா திரையில் ஒன்றுமே தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எல்லாரும் தெரிந்தார்கள். கேமராவுக்கு வெயில் படாமல் இருக்கட்டும் என்று துண்டை அப்படியே விட்டுவிட்டேன். லென்ஸ் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

முத்து முன்னங்காலால் மண்ணைக் கிளறியது. (அதுக்கும் போட்டோ ஆசை இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.)

"அஞ்சு செகண்ட்! அப்புறம் மூணு செகண்டுக்கு ஒண்ணா பத்துப் படம்! யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. பிப், பிப் என்று சத்தம் வந்தது. நான் செல்வியைப் பார்த்து ஓடினேன். அவள் பக்கத்தில் எனக்காக ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றிருந்தாள். அந்த இடைவெளி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பாதி தூரத்தில் பாண்டி அலறினான். "மச்சான்! மச்சான்! அந்தத் துண்ட எடுங்க!"

ஏன் என்று கேட்பதற்குள் கயிறு அவன் கையிலிருந்து உருவிக்கொண்டது. முத்து என்னை நோக்கி வந்தது.

இந்த இடத்தில் நான் நின்று என் மனைவியையும் மகளையும் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். பத்துச் சாட்சிகள் இருக்கிறார்கள். நான் இடது பக்கம் திரும்பினேன். அங்கே டிராக்டர் டிரெய்லர் நின்றது. அதன் பக்கப் பலகை என் நெஞ்சு உயரம். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு தடவை நிதானமாக முயன்று பார்த்தேன், முடியவில்லை. வேட்டி அவிழ்ந்திருக்குமே என்று எதிர்பார்ப்பீர்கள். அவிழவில்லை. அது ஒட்டுகிற வேட்டி. அந்தப் பொங்கலுக்காக நான் வாங்கிய பொருட்களில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

மேலே நின்று பார்த்தால், முத்து என்னை ஒரு பொருட்டாகவே மதித்திருக்கவில்லை. நேராக டிரைபாடுக்குப் போயிருந்தது. முதல் குத்திலேயே சாக்கு கிழிந்து மணல் கொட்டியது. இரண்டாவது குத்தில் கால்கள் எழும்பின. கேமரா தனியாகக் கழன்று, வைக்கோல் குவியலில் போய் உட்கார்ந்தது. துண்டு கொம்பில் மாட்டிக்கொண்டது. கீழே கிடந்த அலுமினியத்தை முத்து உருட்டி உருட்டிக் குத்தியது.

செல்விதான் நடந்து போனாள். ஓடவில்லை, சும்மா நடந்து போனாள். "ஏய் முத்து! என்ன பழக்கம் இது? வா இங்கிட்டு!" என்றாள். அது தலையைக் குனிந்து நின்றது. கயிற்றைப் பிடித்து டிரெய்லர் பக்கமாகக் கூட்டிவந்தாள்.

மாமனார் ஓடிவந்து முத்துவின் கொம்பைத் தடவிப் பார்த்தார். "கொம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகுதான் ஞாபகம் வந்து, "மாப்ளைக்கு?" என்றார்.

"அவருக்கும் ஒண்ணுமில்லப்பா. மேல இருக்காரு" என்றாள் செல்வி.

பாண்டி என்னை இறக்கிவிட்டு, தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப் போனான். அங்கே மூன்று மூங்கில் கழிகளைச் சாய்த்துக் கட்டி, நடுவில் மணல் சாக்கைத் தொங்கவிட்டு, உச்சியில் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்கள். "வாடிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா இதத்தான் குத்திப் பழகுது மச்சான்" என்றான். "நீங்க அச்சு அசலா அதையே செஞ்சு, சிவப்பு லைட்டும் போட்டு, சத்தமும் வச்சிருக்கீங்க. அது என்ன செய்யும் பாவம்?"

சகலைக்குப் பஸ் நேரமாகிவிட்டது. அவர் குடும்பத்தோடு கிளம்பிப் போனார். மறுபடி வரிசையில் நிற்க ஆள் இல்லை. செல்வி மத்தியானம் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம், பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று. நானோ அவளையும் பிள்ளையையும் காளைக்கு முன்னால் விட்டுவிட்டு டிரெய்லரில் ஏறியவன். அப்படிப்பட்டவனுக்கு எதற்குச் சுவரில் இடம் என்று எனக்கே தோன்றியது.

சாயங்காலம் பாண்டி வைக்கோலை உதறிக் கேமராவை எடுத்துவந்து டிவியில் மாட்டினான். பத்துப் படமும் இருந்தது. முதல் படத்தில் எல்லாரும் பள்ளிக்கூட ஆண்டு விழாப் படம்போல விறைத்து நிற்கிறார்கள், என் முதுகு மட்டும் தெரிகிறது. அடுத்ததில் முத்துவின் மூக்குத் துவாரம். அடுத்ததில் வானம். பிறகு ஐந்து படம் வைக்கோல், ஒன்று மங்கலாக யாரோ ஒருவருடைய கால். கடைசிப் படத்தில், வைக்கோல் சரிந்ததில் கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. டிரெய்லர் மேல் நான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கீழே அத்தனை பேரும் என்னை நிமிர்ந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சகலை தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார். எனக்கு நேர் கீழே, ஒரு கையில் மூக்கணாங்கயிற்றோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பது செல்வி.

"நீ சிரிச்சியா?" என்றேன்.

"இல்லையே" என்றாள், டிவியைப் பார்த்துக்கொண்டே. நெடுநேரம் பார்த்தாள். அப்புறம், "ஏங்க, இதையே பெருசாப் போடுங்க" என்றாள்.

இன்றைக்கு அந்தச் சுவரின் நடுவில் இருப்பது அந்தப் படம்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வாடிவாசலில் முத்துவை ஒருத்தர்கூடத் தொட முடியவில்லை. பரிசாக ஒரு பீரோ வந்தது. மாமனார் அதற்கு டிரைபாடைத்தான் காரணமாகச் சொல்கிறார். வளைந்துபோன அந்தக் கால்கள் இப்போது மூங்கிலுக்குப் பதிலாகத் தொழுவத்துக்குப் பின்னால் நிற்கின்றன. இனாமாக வந்த பையில் மாமியார் பருத்திக்கொட்டை வைத்திருக்கிறார்.

பாண்டி லீவில் வந்தால் இப்போதெல்லாம் ஸ்டுடியோக்காரரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் நல்ல தொழில்காரர். ஆனால் அவர் எவ்வளவு கெஞ்சினாலும் எங்கள் ஆட்கள் யாரும் சிரிப்பதில்லை. கடைசியில் மாமனார் என் பக்கம் திரும்பி, கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "மாப்ள, ஒரு தடவ டிரெய்லர்ல ஏறுங்க" என்பார்.

செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், நான் எங்கேயும் போய்விடாதபடி. அதற்குள் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.