யார் மனமும் நோகாத வேலி

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நாய் மிளகு நலம். வேலியும் நலமாக நிற்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மிளகை அழைத்துப்போக நீங்கள் வர வேண்டியதில்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனை எடுத்தாலே எனக்கு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கியதிலிருந்து நான் தடங்கலில்லாமல் பேசுவது மிளகிடம் மட்டும்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, "நாய் இருக்கணும்னா வேலி இருக்கணும். வேலி போட்டா அக்கம்பக்கத்துல யாரும் முகம் சுளிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அப்பா எப்பேர்ப்பட்ட மனிதர் என்று கண்டேன். முதலில் இடப்பக்கத்துப் பல் டாக்டரிடம் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "உங்க இடம் சார், எல்லைக் கோட்டு மேலேயே போடுங்க" என்றார் டாக்டர். அப்பா விடவில்லை. "உங்க ரோஜாவுக்கு நிழல் விழுமே, ஓரடி உள்ளே தள்ளிக்கிறேன்." வலப்பக்கத்து டீச்சரம்மாவின் துணிக்கொடிக்குக் காற்று வேண்டும் என்று அவர் கேட்காமலே இரண்டடி கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். "அந்தம்மாவுக்கு ரெண்டு, டாக்டருக்கு ஒண்ணுன்னா அவர் மனசு என்ன பாடுபடும்?" டாக்டருக்கு மூன்றானது. அது டீச்சரம்மாவுக்குத் தெரிந்தால்? அவருக்கு நான்கானது. வேலிக்காரர் கயிறு கட்டக் கட்ட அப்பா அவிழ்த்தார். "அண்ணே, இதுக்கு மேல தள்ளினா உங்க சமையலறைக்குள்ளதான் கம்பம் நடணும்!" "நடலாமா?" என்று கேட்டார் அப்பா, நிஜமாகவே. அம்மா கரண்டியோடு வெளியே வந்த பிறகுதான் கயிறு நின்றது.

சித்தி, வேலி எழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. பலகைகளின் வழவழப்பான பக்கம் அவர்களுக்கு, ஆணி தெரியும் பக்கம் எங்களுக்கு. தெருவே வந்து பார்த்தது. செயலாளர் சுற்றி வந்து, "இப்படியொரு வேலியை நான் பார்த்ததே இல்ல" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்பா அடக்கமாகத் தலைகுனிந்தார். மிளகுக்குத்தான் இன்னும் பழகவில்லை. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே திரும்ப முடியாததால், பின்பக்கம் போனால் பின்னோக்கி நடந்தே வருகிறது. வாலை ஆட்டினால் கதவைத் தட்டுவது போலக் கேட்கிறது. அம்மா ஒவ்வொரு முறையும் யாரோ வந்துவிட்டார்கள் என்று போய்த் திறக்கிறாள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், விசாலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: சித்தி, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். தபாலில் போடப் போனவளை டாக்டரும் டீச்சரம்மாவும் வழியில் நிறுத்தினார்கள். நாய் திரும்பக்கூட இடமில்லாத வீட்டில் நாய் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டாராம். "உங்கப்பா இப்படி பயப்படற அளவுக்கு நாங்க என்னடி பண்ணினோம்?" என்று டீச்சரம்மா அழாத குறை. "வேலியைக் கோட்டுக்கே நகர்த்திடலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான் சித்தி! இருவரும் அந்த நிமிடமே சரி என்றார்கள். வேலிக்காரரும் சரி, அம்மாவும் சரி. அப்பா ஊரில் இருக்கும்வரை மட்டும் அது நடக்காது. ஆகவே வண்டியில் மிளகுக்கு ஒதுக்கிய இடத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டு நாள் வைத்திருந்தால் போதும்.