பார்க்க மட்டும் கொண்டுவந்த கார்

ஒரு காரைத் தேர்ந்தெடுக்க நான் பதினோரு மாதங்கள் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சோம்பலால் அல்ல, பொறுப்புணர்ச்சியால். (சோம்பேறியாக இருந்திருந்தால் எப்போதோ வாங்கித் தொலைத்திருப்பேன் என்பது என் மனைவி மாலதியின் கட்சி.)

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கோவையில் பொறியியல் முடித்துப் புனேக்கு வந்து, சாகண் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் என்னை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். மாலதியோ ஐந்து வயது மகள் நித்யாவை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு, பள்ளியில் இறக்கிவிட்டு, நெரிசலான கேம்ப் பகுதியில் இருந்த தன் அலுவலகத்துக்குப் போவாள். முந்தைய மழைக்காலம் முழுவதும் நித்யாவுக்குச் சளியும் இழுப்பும். ஆகவே அடுத்த மழைக்குள் ஒரு கார் வேண்டும்; கேம்ப் சந்துகளில் நுழையக்கூடிய, எங்கள் சேமிப்புக்குள் அடங்கக்கூடிய சின்னக் கார். கோரிக்கை இவ்வளவுதான்.

நான் அதைச் சமுதாயப் பிரச்சினையாக்கினேன்.

பெரிய தாளில் ஓர் அட்டவணை வரைந்தேன். விலை, மைலேஜ், உதிரிபாகம் என்று தொடங்கிய பத்திகள், ‘புகை’, ‘நடந்து செல்வோருக்கு ஏற்படும் இடைஞ்சல்’, ‘கார் இல்லாத அண்டை வீட்டாரின் மனநிலை’ என்று விரிந்துகொண்டே போயின. கடைசிப் பத்தியை நிரப்ப மாடி வீட்டுக்காரரையே நேரில் போய்க் கேட்டேன். “நீங்க காரை வாங்குங்க, என் மனசு நல்லாத்தான் இருக்கு” என்று இந்தியில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே மாதத்தில், ஒரு சின்னக் கார் சந்தேகத்துக்கிடமின்றி முதலிடம் பிடித்தது.

“அப்புறம் என்ன, புக் பண்ண வேண்டியதுதானே?” என்றாள் மாலதி.

“கடைசில இருக்கிற வண்டியவும் ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாம்.”

“வேண்டாம்னு சொல்லப்போற வண்டிய எதுக்கு ஓட்டணும்?”

“ஓட்டிப் பாக்காம எப்படி வேண்டாம்னு சொல்றது? அதுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கோணுமில்ல?”

மாலதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “ஏங்க, அது என்ன உங்ககிட்ட கருணை மனுவா போட்டிருக்கு?”

கடைசி இடத்தில் இருந்தது எட்டுப் பேர் அமரக்கூடிய டீசல் வண்டி. ஜீப்புக்கு அண்ணன் போலிருக்கும். புகை, அகலம், விலை என எல்லாவற்றிலும் அதற்குச் சுழியம்தான் போட்டிருந்தேன். ஆனாலும் சோதனை என்றால் முறையாக நடக்க வேண்டும், இருக்கைகள் நிறைய ஆட்களை ஏற்றி ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். புனேயிலேயே கட்கியில் இருந்த மாமனாருக்குப் போன் செய்தேன். “ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டாறேனுங்க மாமா. எல்லாரும் ஏறி ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்.”

என் மாமனார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருப் பிள்ளையார் கோயிலின் செயலாளர். ஷோரூம்காரர்கள் தங்கள் வண்டியை, வாங்குவதற்கு முன்பே, வீட்டு வாசல் வரை ஓட்டிப் பார்க்கத் தருவார்கள் என்பது அவர் கேள்விப்படாத செய்தி. பதினோரு மாதமாகக் காத்திருந்த மனிதருக்கு, மருமகன் வண்டியோடு வருகிறான் என்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

ஞாயிறு முற்பகல் அந்தத் தெருவில் திரும்பினேன். எனக்கு அருகில் ஷோரூம் ஊழியர் ஷிண்டே. பின்னால் மாலதியும் நித்யாவும். தெரு முழுவதும் கோலம். முப்பது பேராவது நின்றிருந்தார்கள். குருக்கள் தாம்பாளத்தோடு தயாராக இருந்தார்.

“யார் வீட்ல விசேஷம்?” என்றேன்.

“நம்ம வீட்லதான். அப்பா கையில மாலையப் பாருங்க” என்று மாலதி பதறினாள். “இறங்கின உடனே சொல்லிடுங்க!”

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இறங்கியவுடன் மாமா என்னைக் கட்டிக்கொண்டார். “க்யா காடி ஹை! என்னா வண்டி மாப்ளே!” என்றவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “டப்பா மாதிரி ஏதோ வாங்கப் போறார்னு நானே சொல்லிட்டிருந்தேன். பாரு, யானையவே ஓட்டினு வந்துட்டார்!”

நான் விளைவுகளைச் சீர்தூக்கத் தொடங்கினேன். இப்போது சொன்னால் முப்பது பேர் முன்னிலையில் செயலாளரின் மானம் போகும். தனியே அழைத்துச் சொன்னால் ஏதோ தகராறு என்று ஊர் நினைக்கும். மூன்றாவது விளைவை நான் எட்டுவதற்குள் குருக்களின் மூன்று விரல்கள் வண்டியின் நெற்றியில் சந்தனத்தை இழுத்துவிட்டன.

“சர், டெமோ காடி ஹை… டெமோ…” என்று ஷிண்டே அலறிக்கொண்டு ஓடினார். குருக்கள் அவருடைய நெற்றியிலும் பட்டையடித்துக் கற்பூரத் தட்டை நீட்டினார். ஷிண்டே பக்திமான், கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். கண்ணைத் திறந்தபோது மாமியார் ஒரு தட்டு கேசரியைக் கையில் வைத்தார். எனக்கிருந்த ஒரே சாட்சியும் அத்துடன் போயிற்று.

வண்டியின் முகப்பில் மாலை போட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. “ஏத்துங்க மாப்ளே!”

“மாமா, ஒரு விசயமுங்க…”

“பேச்செல்லாம் பின்னாடி! பன்னெண்டு அடிச்சா எமகண்டம். சல்தி, சல்தி!”

ஏறி உட்கார்ந்தேன். நான் ஓட்டப் பழகியது சின்னக் காரில். முதல் முயற்சியில் வண்டி இருமி அணைந்தது. இரண்டாம் முயற்சியில் என் மனச்சுமை முழுவதையும் வலது காலில் இறக்கினேன். நான்கு பழங்களும் ஒருசேர நசுங்க, யானை பாய்ந்தது. எதிரே இருந்த நீலநிறத் தண்ணீர் டிரம்மில் மோதி, அதைச் சுவரோடு அணைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் கோலத்தின்மேல் ஆறாக ஓடி முப்பது பேரின் கால்களையும் கழுவியது. இடப்பக்க விளக்கு நொறுங்கிப் பொலபொலவென்று உதிர்ந்தது.

“தாத்தா, அப்பாவ இன்னொரு தடவ பண்ணச் சொல்லு!” என்று நித்யா குதித்தாள்.

மாமா கண்ணாடிச் சில்லுகளைக் குனிந்து பார்த்தார். “அவ்ளோதான், திருஷ்டி மொத்தமும் கழிஞ்சுடுச்சு!” என்றார். கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “மாமா, இது நம்ம வண்டி இல்லீங்க. ஓட்டிப் பாக்கறதுக்குக் கொண்டாந்தது.”

“நம்ம வண்டி இல்லியா? பின்ன யாருது?”

எல்லோரும் ஷிண்டேயைப் பார்த்தார்கள். அவர் வாய் நிறையக் கேசரி.

மாமா என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியின் முகப்பிலிருந்த மாலையை, பூ உதிராமல், மெல்லக் கழற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் மாலதி முன்னால் வந்தாள். பிறந்து வளர்ந்த ஊரின் மராத்தியில் ஷிண்டேயிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள்: டெமோ வண்டிகளைக் கடைசியில் என்ன செய்வீர்கள்? இதை எப்போது, என்ன விலைக்குத் தள்ளிவிடுவதாக உத்தேசம்? கேசரியை விழுங்கிவிட்டு அவர் சொன்ன விலை, என் அட்டவணையின் முதலிடத்துக்காரரைவிடக் கொஞ்சமே கூடுதல். அதையும் பேசிக் குறைத்துவிட்டு, “ஹெட்லைட்ட நீங்களே மாத்தித் தரணும்” என்று சேர்த்துக்கொண்டாள். (உடைத்தவன் நானல்லவா என்று நியாயத்தை எடுத்துரைக்க வாய் திறந்தேன். என் காலை மிதித்தாள்.)

“மாலதி, கேம்ப்ல இத எங்க நிறுத்துவ?”

“கண்ணாடிய ஏத்தினா மழ உள்ள வராதில்ல? போதும். அப்பா, மாலைய மறுபடியும் போடுங்க.”

பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் நித்யா ஒருநாளும் நனையவில்லை. மாலதி அந்த யானையைப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டினாள். கேம்ப்பில் ஆட்டோக்காரர்களே அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். புகையைப் பற்றிய குற்றவுணர்ச்சியை மட்டும் குடும்பத்தின் சார்பில் நான் சுமந்தேன்.

சென்ற ஆண்டு நித்யாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள் பெங்களூரிலிருந்து பேசினாள். “அப்பா, அவங்க சும்மா பாக்கத்தான் வர்றாங்க. நீங்க யோசிச்சுட்டு நிக்காம, தாத்தாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. இது டெமோதான்னு.”

சொல்லிவிடுவதாக வாக்களித்தேன். எண்பதைத் தாண்டியவரிடம் எந்தச் சொற்களில் சொல்வது, சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்கியிலிருந்து மாமியார் பேசினார். மாமா பூக்கடைக்குப் போய் இரண்டு மாலைகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.