ஏசிக்கு மூச்சு முட்டியது

இந்த வீட்டுக்குள் இனி மெக்கானிக் காலடி வைக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தேன். படுக்கையறை ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை என்று மனைவி சொன்ன மறு நிமிஷமே அறிவித்துவிட்டேன். போன தடவை வந்த மெக்கானிக் ஏணியில் நின்றபடி, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எதுலயும் கையை வைக்காதீங்க" என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. தவிர, ஏசிக்காக அவள் என்னை ஏசுவதற்குள் நான் முந்திக்கொள்வது நல்லது.

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், அன்று தலையை ஆட்டினாள்.

"சரிங்க. உங்களால முடியாததா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்துக் கிடந்தேன். அதனால் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ரிமோட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ரிமோட் எல்லாம் ஏசியை அனுபவிக்கிறவர்களுக்கு, ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும் என்றேன். மறுபேச்சில்லாமல் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

மெயினை அணைத்து ஃபில்டரைக் கழற்றினேன். அதிலிருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். தேய்த்துக் கழுவி, காயவைத்து, மாட்டி, "போடு" என்றேன். போட்டாள். குளிரவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் தப்பித்துப் போகிறதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். எல்லா ஜன்னலையும் துடைத்து இறுக்கிச் சாத்தினேன். திரைச்சீலை அழுக்காக இருந்தால் வெயிலைத் தடுக்காதாம். கழற்றித் துவைத்தேன். பீரோ மேல் தூசி இருந்தால் ஃபில்டர் மறுபடி அடைத்துக்கொள்ளுமாம். ஸ்டூல் போட்டு ஏறி அதையும் துடைத்தேன். வீடு பளபளத்தது. ஏசி மட்டும், மாமனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விடும் பெருமூச்சு மாதிரி வெறும் காற்றை விட்டுக்கொண்டே இருந்தது.

"பேசாம மெக்கானிக்கையே கூப்பிட்டுடலாமா?" என்றாள் கரிசனமாக.

"அவன் உள்ளே வந்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் எனக்கு இல்லைங்க. ஏசி குளிர்ந்தா போதும்."

கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெளியில் இருக்கும் யூனிட்டைச் சுற்றி நிறைய இடம் வேண்டுமாம், அதற்கு மூச்சு முட்டினால் உள்ளே குளிராதாம் என்றாள். இதுகூடவா எனக்குத் தெரியாது, அடுத்து அங்கேதான் போகப்போகிறேன் என்றேன். சத்தியமாகத் தெரியாது.

பால்கனிக்குப் போனேன். யூனிட் கண்ணிலேயே படவில்லை. அதன் முன்னால் என் சாமான்கள். கால் உடைந்த சாய்வு நாற்காலி, படம் வராத பழைய டிவி, முதல் ஸ்கூட்டரின் முன்சக்கரம், மிதிக்கப்படாத உடற்பயிற்சி சைக்கிள், என்றைக்காவது உதவும் என்று சேர்த்த பெயின்ட் டப்பாக்கள். அவளுக்கு அது குப்பை. எனக்கு அது சொத்து. அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார இடம் கேட்டு அவள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறாள். நானும் வருஷக்கணக்காக அசைந்து கொடுக்கவில்லை. இந்த வீட்டில் நான் ஜெயித்த ஒரே போர் அது.

தோற்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, சொத்தை நகர்த்துவதா? நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"எல்லாத்தையும் கீழே கேட் ஓரமா வைக்கிறேன். கொஞ்ச நேரத்துக்குத்தான். ஏசி குளிர்ந்ததும் திரும்ப மேலே வந்துடும், சொல்லிட்டேன்."

"உங்க இஷ்டங்க. பாத்து இறக்குங்க, இடுப்பு பிடிச்சுக்கப்போகுது."

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. சைக்கிளை இறக்குவதற்குள் அதை மிதித்திருந்தால் குறைந்திருக்க வேண்டிய எடையெல்லாம் குறைந்துவிட்டது. ஸ்கூட்டர் சக்கரத்தைக் கடைசியாகக் கொண்டுபோய் வைத்து, ஒரு தடவை தடவிக் கொடுத்தேன். நாக்குத் தள்ள மேலே ஏறி வந்தால், அதற்குள் பால்கனியைக் கழுவிவிட்டிருந்தாள்.

"இப்போ போடு" என்றேன். அவள் ரிமோட்டை அழுத்தினாள். ஜில்லென்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். ஃபேன் மோடுல இருந்துது, கூலுக்கு மாத்தினேன்."



"ஃபேன் மோடுல யார் போட்டது?"

"நான்தான். காலையில."

எதற்கு என்று கேட்டேன். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இடுப்பு போனாலும் பரவாயில்லை, ஒரு பெயின்ட் டப்பா விடாமல் மேலே ஏற்றாமல் ஓய்வதில்லை என்று நாலுகால் பாய்ச்சலில் படியிறங்கினேன். கேட் ஓரம் காலியாக இருந்தது. தெருவில் பழைய சாமான்காரர் தள்ளுவண்டியில் என் சொத்து முழுவதையும் அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க, இதெல்லாம் என்னோடது" என்றேன் மூச்சிரைக்க.

"தெரியும் சார். வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணி வரச் சொல்லிட்டாங்க. நீங்க இறக்கி முடிக்கட்டும்னு இவ்வளவு நேரமும் எதிர் டீக்கடையிலதான் உட்கார்ந்திருந்தேன்."