இறுக்கினால் வேகம் கூடும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கடுத்த மகத்தான கண்டுபிடிப்பு, ஊழியர்களை ஒருவரையொருவர் சுடவிட்டு ஒற்றுமையை வளர்ப்பது. இதை எங்கள் சிறுசேரி அலுவலகத்துக்குக் கொண்டுவந்த பெருமை துணைத்தலைவர் ராஜகோபால் சாரையே சேரும். மனிதவளத்துறையில் பதினாறு ஆண்டுகளாக அவருக்குத் தலையாட்டிவரும் எனக்கும் அதில் சிறு பங்கு உண்டு.

எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு.

"பெயின்ட்பால் ஆடுவோம், சாயக்குண்டுத் துப்பாக்கி விளையாட்டு. யார் கம்மியா சுடறாங்களோ அவங்க போகட்டும். ஃபேரா இருக்கும்ல?" என்றார் சார்.

அந்த நேர்மையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகவேண்டியவர் டெபோரா என்பதையும் சார் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு, "சர்ச்சுக்குப் போகணும் சார்" என்று மூன்று முறை பதில் எழுதியவர் அவர். அவர் சம்பளத்தில்தான் தங்கை பொத்தேரி கல்லூரியில் படிக்கிறாள். அதற்கு எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை.

கீழ்க்கட்டளை மைதானத்துக்கு நான் ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஃபிரெடி, சாருக்கு ஒதுக்கிய துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருந்தார். அதிலிருந்து புஸ்ஸென்று காற்று கசிந்ததாம். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். புஸ் நின்றது.

"இதற்கு மூலகாரண அறிக்கை தருவீர்களா?" என்று கேட்டேன்.

"வாசர் பூட்ச்சி சார். வேற போட்டாச்சி. இதுக்கு இன்னா அறிக்க?"

படிப்பறிவின் குறையை மன்னித்து, விஷயத்துக்கு வந்தேன். சாருடைய துப்பாக்கியில் வேகம் கூடவேண்டும், டெபோராவுடையதில் குறையவேண்டும்.

ஃபிரெடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அல்லாத்துக்கும் ஒரே ஸ்பீடு வெச்சிகீறேன் சார். பின்னால கீது பாரு ஸ்க்ரூ, அத்த தொட்டுடாத. இந்த மாடல்ல இறுக்க இறுக்க வேகம் கொறையும், லூஸ் பண்ணா ஏறும். தெரியாம திருகினா பேஜாராயிடும்."

இறுக்கினால் வேகம் குறையுமாம்! பதினாறு ஆண்டுகளாக ஊழியர்களை இறுக்கியே வேகம் கூட்டியவனிடம் சொல்கிறார். காற்று நிரப்ப அவர் அந்தப் பக்கம் போனதும், திருகாணி திருப்பும் அவருடைய அலன் கீயை எடுத்தேன். சாருடைய திருகாணியை அடிவரை இறுக்கினேன். டெபோராவுடையதை இரண்டு சுற்று தளர்த்தினேன். கீயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன் ஃபிரெடி, "ஒரு தபா அல்லாத்தையும் மெஷின்ல சுட்டு ஸ்பீடு பாத்துடலாம் சார்" என்றார். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை என்று விளக்கினேன்.

விசில் ஒலித்தது. சார் டயர்க் குவியலின் பின்னால் கம்பீரமாக மண்டியிட்டுச் சுட்டார். மஞ்சள் குண்டு குழாயின் வாய்க்கு வந்து, சற்றே தயங்கி, அவருடைய காலணியிலேயே விழுந்து உடைந்தது. மறுபடி சுட்டார். மற்றொரு காலணி. துப்பாக்கியை உதறிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேகங்களைப் பார்த்தேன்.

எதிரிலிருந்து 'பட்' என்றது. சாரின் தொடையில் ஒன்று. "ஐயோ!" என்று எழுந்தவரின் வயிற்றில் ஒன்று. திரும்பி ஓடியவரின், பதவிக்கு இன்றியமையாத உட்காரும் பகுதியில் நான்கு.

"சாரி சார்! மெதுவாதான் அழுத்தினேன் சார்!" என்று டெபோரா பதறினார்.

டெபோரா ஆறு. மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று. சார் பூஜ்யம். சார் உட்கார முடியாத நிலையில் இருந்ததால் ஆய்வுக்கூட்டம் நின்றபடி நடந்தது.

"கம்மியா சுட்டவங்கதானே போகணும்னு சொன்னீங்க?" என்று டெபோரா நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

உடனே ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவரும் உறுப்பினரும் நானே. இரண்டே நாளில் பதினெட்டுப் பக்க அறிக்கை தந்தேன். துப்பாக்கியில் குறையில்லை. சாரிடம் குறையில்லை. திருகாணியைத் திருப்பியவர் யாரென்று கண்டறிய இயலவில்லை. டெபோராவிடம் காணப்பட்ட 'அளவுமீறிய செயல்திறன்' குழு ஒற்றுமைக்குக் கேடு. சார் நின்றுகொண்டே கையெழுத்திட்டார். எனக்குப் பதவி உயர்வு.

வெள்ளிக்கிழமை டெபோரா அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். அழுவார் என்று டிஷ்யூ பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, பதவி உயர்வின் ராசியாக என் சட்டைப்பையில் நான் செருகியிருந்ததைப் பார்த்தார்.

"சார், அந்த அலன் கீயை ஃபிரெடி அண்ணன்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க. அன்னிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கார்."