செக் அண்ணனின் ரியோ ஒத்திகை

சாவைத் தவிர இந்த வாழ்க்கையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஊரான புதுக்கடையின் செக் அண்ணன்தான். சாவுக்கும் ஒருநாள் மத்தியானம் நடுவீட்டில் பாயை விரித்து, கைகளை நெஞ்சில் கோத்துப் படுத்துப் பார்த்தாராம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டதால் பாதியில் எழுந்துவிட்டார் என்று மைனி சொல்வார்கள். மைனி என்றால் அவர் மனைவி.

தொழில் மைக்செட். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், ஊருக்குத் தெரியாது. ஒரே கட்டடத்தில் கீழே அவர் கடையும் அதன் பின்னால் வீடும், மாடியில் என் கம்ப்யூட்டர் சென்டர். தினமும் காலை ஒன்பது மணிக்கு, வாடகைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும், மைக்கைப் பிடித்து "செக்... செக்... ஒன்... டூ... த்ரீ..." என்பார். என் மேசையில் தண்ணீர் டம்ளர் அதிரும். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் இதுதான் காலை வணக்கம்.

ஒருநாள் செக் முடிந்ததும் மாடியேறி வந்தார்.

"மக்கா, ரியோ டி ஜெனிரோவுக்குப் போணும். கொறஞ்ச செலவுல."

அது எந்த ஊர் மண்டபம் என்று கேட்கப் போனேன். அதற்குள் பின்னால் வந்த மைனி தன் போனை என்னிடம் நீட்டினார்கள். செக் அண்ணனின் ஒரே தங்கை கன்னியாஸ்திரி. பிரேசில் நாட்டில் அந்தக் கடற்கரைப் பட்டணத்தில் மலைச்சரிவுக் குடிசைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். அண்ணனும் தங்கையும் பேசி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது ஊருக்கே தெரியும், ஏன் என்பது மட்டும் தெரியாது. இடையில் தங்கை இரண்டு முறை லீவில் வந்தபோதும் அண்ணன் வேண்டுமென்றே தூரத்து ஊர்களில் மைக்செட் வாடகை பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மைனியின் போனில் தங்கையின் செய்தி இருந்தது. "எனக்க துறவறத்துக்கு வெள்ளி விழா வருது மைனி. குடும்பத்துக்குன்னு முன்னால ஒரு நாற்காலி போடுவாவ. வார்த்தைப்பாடு குடுத்து கன்னியாஸ்திரியான அன்னைக்கு எனக்க வீட்டு நாற்காலி காலியாக் கெடந்து. இந்தத் தடவையும் காலியாத்தான் கெடக்குமான்னு அண்ணங்கிட்டக் கேளுங்க."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். செக் அண்ணன் என் பிரிண்டரை ரிப்பேர் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றார். பிரிண்டருக்கு ஒரு கேடும் இல்லை.

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு இடத்தில் இறங்கி ஏறும் டிக்கெட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பணம் திரும்ப வராது, தேதி மாறாது, கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் கூடாது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வெள்ளி விழா. ஒரு நாள் தவறினால் டிக்கெட் போச்சு, நாற்காலி காலி. நான் தினமும் காலண்டரை எண்ணினேன், ஆனால் போகிறவருக்கு ஒரு பதற்றமும் வெப்ராளமும் கிடையாது. விசா ஆயிற்று. தூத்துக்குடிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று. அந்த ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும் என்று நான்தான் கண்டுபிடித்து, பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவரைப் பிடரியில் கைவைக்காத குறையாக பஸ் ஏற்றினேன்.

தங்குவதற்கு, ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் விடுதி. அதில் மேல் கட்டில்தான் மலிவு. சாப்பாட்டுக்குத்தான் கவலைப்பட்டார். காய்ந்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு இரண்டு கிலோ கொண்டுபோகிறேன் என்றார்.

"அண்ணே, அந்தக் கெழங்கே அங்கேருந்து வந்ததாக்கும். பிரேசில்ல தெருவுக்குத் தெரு கெடைக்கும்."

செக் அண்ணன் தன் பட்டியலில் கிழங்கை அடித்தார். பிறகு, "கெழங்கும் மீனும் உள்ள ஊருக்கா இவ்வளவு நாளும் பயந்தேன்?" என்றார். அன்று அவர் முகத்தில் வந்த தெளிவை வைத்து, இனி பிரச்சினை இல்லை என்று நம்பினேன். ஒத்திகையை நான் மறந்துவிட்டேன்.

விமானத்தில் நடு இருக்கை என்றதும், நாகர்கோவிலில் சென்னை பஸ் ஏறி மூன்று பேர் இருக்கையில் நடுவில் உட்கார்ந்தார். சென்னையில் இறங்கி, அப்படியே அடுத்த பஸ்ஸில் நடுவில் உட்கார்ந்து திரும்பி வந்தார். சென்னையில் என்ன பார்த்தீர்கள் என்றதற்கு, "முன்சீட்டுக்காரன் பொடதிய" என்று தன் பிடரியைத் தட்டிக் காட்டினார். அடுக்குக் கட்டிலுக்காக ஒரு வாரம் கடையின் இரும்பு ராக்கில், ஆம்ப்ளிஃபையர்களுக்கு மேலே படுத்தார். ரியோவில் மலைமேல் கைவிரித்து நிற்கும் இயேசுவைப் பார்க்க ரயில் இருக்கிறது, ஆனால் நடந்தால் காசு மிச்சம். அதனால் ஏழு கிலோ பையுடன் சிதறால் மலையில் மூன்று முறை ஏறி இறங்கினார். மூன்றாவது முறை பையைச் சுமந்தவன் நான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ரியோ கடற்கரையில் போனைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் தேங்காப்பட்டணம் கடற்கரைக்கு என்னை அழைத்துப்போனார்.

"நான் கடலப் பாத்துட்டு நிப்பேன். நீ பின்னால வந்து பறிச்சிட்டு ஓடு. நான் எவ்வளவு நேரத்துல சுதாரிக்கேன்னு பாக்கணும்."

பறித்தேன், ஓடினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் என்னைப் பிடித்து மணலில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் என் முதுகில் உட்கார்ந்தார். "அண்ணே, சொல்லுங்க அண்ணே" என்று வாயில் மண்ணோடு கத்துகிறேன். செக் அண்ணன் நிதானமாக வந்து வாட்சைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பதினாலு செகண்டு. கொள்ளாம். விடுங்க மக்கா, இவன் நமக்க ஆளாக்கும்."

கடைசியாகப் பயணத்துக்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். பை கட்டியாயிற்று. காலை பதினொரு மணிக்கு செக் அண்ணன் மைனியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒண்ணு மட்டும் பாக்கி. பாஸ்போர்ட்டு தொலைஞ்சா என்ன செய்யணும்னு பாக்கணும். நீ எங்கயாவது ஒளிச்சு வையி. மூணு மணி வர சொல்லப்பிடாது."

அத்தனை நாள் ராக்கிலிருந்து கேட்ட குறட்டைக்கெல்லாம் பழிவாங்குவதுபோல மைனி அதை வாங்கிக்கொண்டு போனார்கள். செக் அண்ணன் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். என்னைப் பிரேசில் போலீசாக நிற்க வைத்து சைகையில் புகார் கொடுத்தார். சரியாக மூன்று மணிக்கு, "செரி, ஒத்திகை முடிஞ்சு. எடுத்துட்டு வா" என்றார்.

மைனி கடைக்குள் போனவர்கள் வெறும் கையோடு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது.

"அந்த மூலைல நின்ன ரிப்பேர் ஸ்பீக்கர் பெட்டிய எங்க?"

"ரிப்பேரு நேத்தே சரியாக்கியாச்சு. ஒனக்க தம்பி மத்தியானம் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோயாச்சு."

"அதுக்க அடில ஒரு ஓட்டை உண்டில்லா. அதுக்குள்ளயாக்கும் போட்டேன்."

மைனியின் தம்பிதான் அண்ணன் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. போன் அடித்தோம், அடித்தோம், எடுக்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எந்த மணி கேட்கும்? நிகழ்ச்சி வட்டக்கோட்டைப் பக்கம், கடலோரத்தில் ஒரு மண்டபத்தில். என் பைக்கில் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் என் தோளைப் பிடித்த அவர் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

மண்டபத்தில் ஒரு தலைமை ஆசிரியருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. மேடைக்குக் கீழே இடது பக்கம் நமது பெட்டி. யாரோ ஒருவர் மைக்கைக் கடித்துத் தின்பதுபோல "மாபெரும் கல்வித் தொண்டர்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். செக் அண்ணன் வாசலிலேயே நின்று காதைச் சாய்த்தார்.

"கேட்டியா மக்கா?"

'மாபெரும்' என்ற இடத்தில் பெட்டிக்குள் கர்ர்ர் என்று ஒரு அதிர்வு.

"அது எனக்க பாஸ்போர்ட்டாக்கும். ஸ்பீக்கருக்க தாள் கோனுக்குப் பின்னால போய் ஒட்டிருக்கு. இப்பிடியே அடிச்சா நாராக் கிழிச்சிரும்."

ஓடிப்போய் கனத்த சத்தத்துக்கான பேஸைக் குறைத்தார். அந்தப் பேச்சாளரின் முழக்கம் கொசு பாடுவதுபோல ஆனது, ஆனாலும் கர்ர்ர் நிற்கவில்லை. பெட்டியைக் கவிழ்க்காமல் உள்ளே கைவிட முடியாது. கவிழ்க்க வேண்டுமானால் வயரைக் கழற்ற வேண்டும். அதற்குள் அந்தப் பேச்சாளர் உட்கார, தலைமை ஆசிரியரே பேச எழுந்தார். ஒல்லியான மனிதர். கையில் இருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முதலில் தன் மனைவியின் பெயரைச் சொன்னார், அதையே இன்னொரு முறை சொன்னார். இரண்டு முறையும் பெட்டிக்குள் கர்ர்ர்.

நான் குனிந்து வயரைப் பிடித்தேன். செக் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு."

"அண்ணே, பாஸ்போர்ட்டு போனா நாளைக்கு பிளைட்டு இல்ல. நாற்காலி காலியாக் கெடக்கும்."

"கெடக்கட்டு. ஒரு மனுசன் பேசிட்டு நிக்கும்ப அறுக்கப்பிடாது."

"இவரு யாரு ஒங்களுக்கு? அங்க தங்கச்சி காத்துட்டு இருக்கா."

என் குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செக் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டை விடவில்லை.

"ஒருக்கா ஒருத்தி பேசும்ப அறுத்திருக்கேன் மக்கா. அது போதும்."

பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். தங்கை மடத்துக்குப் புறப்பட்ட அன்று துணிப்பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றிருக்கிறாள். போகக் கூடாது என்று இவருக்குக் கோபம். "அண்ணா, நான் போறேன்" என்று அவள் ஆரம்பித்ததும் இவர் மைக்கை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, செக் செக் என்று கத்தியிருக்கிறார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றாள், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

"அவ என்ன சொன்னான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன். "இத்தனைக்கும் ஒத்திகை பாத்தியளே. அவளப் பாத்ததும் என்ன சொல்லணும்னு பாத்தியளா?"

"அதத்தான் மொதல்ல பாத்தேன். கடைய அடச்சிட்டு மைக்ல சொல்லிப் பாத்தேன். வரேல்ல. செரி, மத்தது எல்லாம் பாப்போம்னு..."

நடு இருக்கை, ராக்கு, சிதறால் மலை, என் முதுகில் உட்கார்ந்த மனிதர் எல்லாம் அப்போது எனக்குப் புரிந்தது. அந்த ஒன்று வராததால்தான் மற்ற அத்தனையும்.

தலைமை ஆசிரியர் பேசி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு கர்ர்ருக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவர் உட்கார்ந்ததும் பொன்னாடை போர்த்த வரிசை நின்றது. செக் அண்ணன் ஒரே பார்வையில் எண்ணினார்.

"பதினேழு பொன்னாடை. ஆளுக்கு ஒரு போட்டோ. நாலு நிமிசம் உண்டு, ஒருத்தனும் பேசமாட்டான்."

வயர் கழன்றது. நானும் மைனியின் தம்பியும் பெட்டியைக் கவிழ்த்தோம். அண்ணன் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பன்னிரண்டாவது பொன்னாடை. பதிமூன்று. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது பொன்னாடையில் கை வெளியே வந்தது. அட்டையின் ஒரு முனை சுருண்டிருந்தது. உள்ளே போட்டோவும் விசாவும் கீறல்கூட இல்லாமல் இருந்தன.

நான் கிளம்பலாம் என்று இழுத்தேன். அவர் வயரை மாட்டி, பேஸைப் பழையபடி ஏற்றி, மைக்கைக் கையில் எடுத்தார். விடியற்காலை ஊரை விட்டுப் புறப்பட வேண்டிய மனிதர், "செக்... ஒன்... டூ... த்ரீ" சொல்லிவிட்டுத்தான் பைக்கில் ஏறினார்.

வெள்ளி விழாவுக்கு மறுநாள் மைனி என்னைக் கூப்பிட்டு ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அங்கே மாதா கோயிலில், குடும்பத்தின் சார்பில் பேச அண்ணனிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் பிள்ளைகள் சத்தம். பிறகு அவர் குரல்: "செக்..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "செக்... ஒன்..." அதற்கு மேல் வரவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தி எழும் சத்தம். அருகில் ஒரு பெண் குரல், நம்ம ஊர்ப் பேச்சு மாறாமல்: "கேக்குது அண்ணா. எனக்குக் கேக்குது." அப்புறம் அழுதது அண்ணனா தங்கையா என்று எனக்கும் மைனிக்கும் தெரியவில்லை.

அவர் இல்லாத நாட்களில் ஒன்பது மணி வரும், போகும். டம்ளரில் தண்ணீர் அசையாமல் நிற்கும். சாத்துவதற்கு எனக்கு ஜன்னல் இருந்தது, காரணம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை கீழே இருந்து "செக்... செக்..." என்று தொடங்கியது. எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தேன். தலையை நீட்டி, "கேக்குது அண்ணே" என்றேன்.