ஒரு நாள் முந்திய மை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கப் போனவள், கையைப் பாதியில் நிறுத்தினாள். இடது கை ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில், ஊதா நிறத்தில் மை வைத்திருந்தது.

தேர்தல் நாளைக்கு.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவளால் அது முடியாது. தண்ணீர் வரி அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது கிழித்துக் கொடுப்பவள் இவள். கூட வேலை பார்ப்பவர்கள் இவளை 'மூணாம் ஜன்னல்' என்றே கூப்பிடுவார்கள். தேர்தல் வந்ததும் அரசாங்கம் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் இவளுக்கு வேலை போட்டிருந்தது. ஓட்டுப் போட வருகிறவர்கள் விரலில் மை வைக்கிற வேலை.

பயிற்சி வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு மைக்குப்பியைக் கொடுத்து, தேர்தலன்று காலையில் நேரே சாவடிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் தேர்தல் அதிகாரி. சிரிப்பு என்பதையே அறியாத மனிதர். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

"இந்த மை ஒரு சொட்டு வெளியில போனாலும் வேலை போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவள் அழுகிற ஆள் இல்லை, பயப்படுகிற ஆள். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையில் போட்டு, பேருந்தில் பையை மடியை விட்டு இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பீரோவின் உச்சியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கணவனிடமும் மாமனாரிடமும் இடத்தைச் சொல்லி, குழந்தை கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கணவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. அவன் வருமானம் ஒரு மாதம் ஏறும், மறுமாதம் காணாமல் போகும். மாமனார் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷன் அவருடைய மாத்திரைகளுக்கே சரியாகப் போய்விடும். மாதம் தவறாமல் வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குத் துணிச்சல் இல்லை.

ஹாலுக்கு ஓடினாள். சோபாவில் கணவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தொங்கிக்கொண்டிருந்த இடது கையில் மை. நாற்காலியில் மாமனார் முகத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்த கைகளில், சரியாக இடது ஆள்காட்டி விரலில், மை.

சாப்பாட்டு மேஜைக்கு அடியில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் குட்டி படம் வரைந்துகொண்டிருந்தாள். கலர் பென்சில்களுக்கு நடுவில் மூடி இல்லாத குப்பி நின்றது. பாதி காலி.

"குட்டி, என்னடி பண்ணி வச்சிருக்கே?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதட்டிக் கேட்டாலும் கெஞ்சிக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. விசாரணைக் கமிஷன் முன்னால் உட்கார்ந்த பழம்பெரும் தலைவர் மாதிரி இருந்தாள்.

சத்தத்தில் இரண்டு ஆண்களும் விழித்துக்கொண்டார்கள். இனி வீடு இரண்டுபடும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி இல்லை. மாமனார் எதிர்க்கட்சி, வேலையில் இருந்தபோதே சங்கத்தில் கொடி பிடித்தவர். கணவன் ஆளுங்கட்சி, நாடு இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது என்று குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பான். டிவியின் ரிமோட் இவர் கையிலிருந்து அவன் கைக்கும், அவன் கையிலிருந்து இவர் கைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். தட்டைக் கழுவுவது யார் என்கிற கேள்வி வரும்போது மட்டும் இரண்டு பேருக்கும் முக்கியமான போன் வந்துவிடும்.

வீட்டில் ஒரு பக்கம் ஒரு ஓட்டு, மறுபக்கம் ஒரு ஓட்டு. ஆகவே அவளுடைய ஓட்டுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. கணவன் காபி போட்டுக் கொடுத்து, பொருளாதார வளர்ச்சி பற்றிப் பேசினான். மாமனார் குட்டியைப் பள்ளிக்கூட வேன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, விலைவாசி பற்றிப் பேசினார். யாருக்குப் போடப்போகிறாய் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். யோசித்துக்கொண்டிருப்பதாக இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தாள்.

அவள் யோசித்து முடித்து வெகு நாளாகிறது. காலையில் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது, ராணுவம், எல்லை, வல்லரசு என்று போஸ்டர் போஸ்டராகத் தாண்டிப் போகும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் ஆபீஸ் விடுகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை எங்கே இருக்கும் என்று கவலைப்படும் போஸ்டர் ஒன்றுகூட அவள் கண்ணில் பட்டதில்லை. தினமும் அந்த நேரத்தில் மாமனார் சங்கத்துக்குக் கட்சி பேசப் போய்விடுவார், அவள் மனசு குட்டி காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆபீஸ் ஜன்னலுக்கும் அலைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் சந்தையில், சுயேச்சையாக நிற்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். வேலை செய்கிற இடங்களுக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஜெயிக்க மாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் ஓட்டு அவளுக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் யாருக்கும் பங்கு கொடுக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

இப்போது நடந்ததுதான் ஆச்சரியம். கணவன் தன் விரலைப் பார்த்தான். துள்ளி எழுந்தான். அப்பாவின் விரலைப் பார்த்தான். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் விரலை வெகு நேரம் ஆராய்ந்தார். பிறகு மகனின் விரலைப் பார்த்துவிட்டு, செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தார்.

"சின்னக் குழந்தைம்மா. அடிக்காதே, விடு" என்றார்.

"ஆமா, ஏதோ விளையாட்டு. அவளை ஒண்ணும் கேட்காதே" என்றான் கணவன்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதித்து அவள் கேட்டதே இல்லை. அந்தக் கலவரத்திலும் அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஆபத்து என்று வந்தால் இவர்கள் ஒன்றாகத்தான் நிற்பார்கள், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தோன்றியது.

நெகிழ்ச்சியில் மை போகாது. முதலில் சோப்பு, பிறகு எலுமிச்சம்பழம். கோடு அப்படியே இருந்தது, விரல்தான் வெளுத்தது. அடுத்து நகப்பூச்சு அழிக்கிற திரவம். அதைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்ததில், ஒரு கோடாக இருந்தது விரலைச் சுற்றி ஒரு வளையமாக இறங்கியது. கழிப்பறைக்கு ஊற்றும் திரவத்தில் மாமனார் விரலை முக்கி எடுத்தார். தோல் சிவந்து, நடுவில் மை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, எரியவே இல்லை என்றார்.

ஆபீஸில் முதல் ஜன்னலில் இருக்கும் தோழிக்கு எல்லாமே தெரியும். தெரியாததும் தெரியும். அவளுக்குப் போன் செய்து, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள். வெயிலில் காட்டினால் எப்பேர்ப்பட்ட கறையும் ஆவியாகப் போய்விடும் என்று முதல் ஜன்னல் அடித்துச் சொன்னாள்.

ஆகவே மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். மூன்று நாற்காலி போட்டு, வரிசையாக உட்கார்ந்து, இடது விரலைச் சூரியனுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே கதவுக்கு அருகில் குட்டியைக் காவலுக்கு வைத்திருந்தாள். அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஊதா மெல்ல மெல்லப் பழுப்பாகி, பழுப்பு நல்ல கறுப்பாக இறுகியது. அது வெயில் பட்டால் கெட்டிப்படுகிற மை என்று பயிற்சி வகுப்பில் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

எதிர் மாடியில் எதிர்வீட்டு அம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் துணி எடுக்க வந்தால் செய்தியும் எடுக்காமல் போக மாட்டாள்.

இவள் அவசரமாக எல்லோரையும் கீழே இறக்கி, மூன்று விரலுக்கும் பிளாஸ்திரி ஒட்டினாள். ஒட்டி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றாள், கொஞ்சம் சர்க்கரை கேட்டு, கையில் கிண்ணத்தோடு.

"என்ன, மூணு பேருக்கும் ஒரே விரல்ல கட்டு?"

காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டதாக இவள் சொன்னாள். அதே நொடியில் கதவிடுக்கில் நசுங்கியது என்றார் மாமனார். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றான் கணவன். எதிர்வீட்டு அம்மாள் மூன்று பதிலையும் வாங்கிக்கொண்டு, சர்க்கரையை மறந்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவின் வாட்ஸப் குழுவில், மூன்று பேரும் விரலை நீட்டி உட்கார்ந்திருந்த மாடிப் படம் வந்துவிட்டது. நாடே நாளை ஓட்டுப் போடப்போகிறது, இந்த வீட்டில் இன்றைக்கே போட்டுவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. வாசலில் முதலில் ஆளுங்கட்சிக்காரர்கள் கூடினார்கள், கள்ள ஓட்டு எதிர்க்கட்சிக்குத்தான் போயிருக்கும் என்றார்கள். அடுத்து எதிர்க்கட்சிக்காரர்கள் கூடினார்கள், அரசாங்க ஊழியர் வீடு, ஆளுங்கட்சிக்குத்தான் போயிருக்கும் என்றார்கள். இன்னும் பெட்டியே வராத தேர்தலில் கள்ள ஓட்டு எப்படி விழும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சம்பளம் இல்லாத வீட்டை அவள் மனசு அறை அறையாகச் சுற்றிப் பார்த்தது, குட்டியின் பள்ளிக்கூடப் பை உட்பட.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேர்தல் அதிகாரியே வந்து இறங்கினார்.

அவர் உட்காரவில்லை. பிளாஸ்திரிகளைப் பிரிக்கச் சொன்னார். மூன்று கறுப்பு விரல்களையும் பார்த்தார். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உங்கள் பொறுப்பில் இருந்த குப்பிதானே என்று கேட்டார்.

"என் தப்புதான் சார். குழந்தை தெரியாம எடுத்துட்டா. நான் தூங்கியிருக்கக் கூடாது" என்றாள். தூங்குவது குற்றம் என்று ஒரு தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரச் சமையல், ஒரு வாரத் துணி, பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லாமல் விட்டாள்.

கணவன் கூரையைப் பார்த்தான். மாமனார் தரையைப் பார்த்தார்.

இன்றே தற்காலிகப் பணிநீக்கம், மேற்கொண்டு விசாரணை என்றார் அதிகாரி. மேலிடத்துக்குச் சொல்லப் போனை எடுத்தவர், ஏதோ தோன்றியதுபோல் நிமிர்ந்தார்.

"குப்பியை எங்கே வச்சிருந்தீங்க?"

அவள் பீரோவின் உச்சியைக் காட்டினாள். அதிகாரி பீரோவை அண்ணாந்து பார்த்தார். பிறகு மறுபடி மேஜைக்கடியில் போய் உட்கார்ந்திருந்த குட்டியைக் குனிந்து பார்த்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த உயரத்தை அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

குட்டி வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அம்மாவுக்கு வேலை போயிடுமா?"

"போயிடும்" என்றார் அதிகாரி. குழந்தை என்பதற்காக அவர் எதையும் குறைத்துச் சொல்கிறவர் இல்லை.

குட்டி தாத்தாவை ஒரு தடவை பார்த்தாள், அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு பேரும் தலையை லேசாக ஆட்டினார்கள், வேண்டாம் என்பதுபோல. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நான் எடுக்கல. தாத்தாதான் எடுத்துக் குடுத்தாரு. அப்பா தூங்கும்போது விரல்ல வைக்கச் சொன்னாரு. நாளைக்கு அப்பா ஓட்டுப் போட முடியாதாம்."

கணவன் எழுந்தே விட்டான். பெற்ற மகனின் ஜனநாயக உரிமையையே பறிக்கிற மனிதர் நாட்டுக்கு என்ன நல்லது செய்யப்போகிறார் என்று கேட்டான். மாமனார் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் இன்னும் முடிக்கவில்லை என்பது தெரிந்தவர்போல.

"தாத்தாவுக்கு வைக்கச் சொன்னது அப்பா" என்றாள் குட்டி.

கணவன் உட்கார்ந்தான். வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் கதவை நெருங்கி வந்தார்கள். அதிகாரி போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் தன்னுடைய கறுத்த விரலைத் தூக்கிப் பார்த்தாள். யாருக்கு என்று யாரிடமும் சொல்லாத அந்த ஓட்டை நினைத்துக்கொண்டாள். குட்டியின் பக்கம் குனிந்தாள்.

"அப்ப எனக்கு எதுக்குடி வச்சே?"

"உனக்கு வைக்கச் சொன்னது ரெண்டு பேரும்தாம்மா, அதான் ரெண்டு தடவை வச்சேன்."